அஷ்டமி நவமியில் உற்பத்தி இல்லை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சீனாவிலிருந்து கையுறைகள் கொள்கலனில் வந்தன.
2. அவற்றின் பெட்டிகளைக் கிழித்தோம். உள்ளே இருந்த கையுறைகளை, மலேசியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்ட எங்கள் பெட்டிகளில் அடுக்கினோம்.
3. எந்த நாளில், எந்த உற்பத்தி வரிசையில் அவை எங்கள் ஆலையில் செய்யப்பட்டன என்று ஒரு தேதியும் எண்ணும் எழுதினோம்.
4. நான் அவற்றில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். ஒழுகவில்லை.
5. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.
6. எழுதிய தேதிகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்தேன்.
7. அந்த ஒழுங்கு தெரியாதபடி தேதிகளை நானே மாற்றிக் கொடுத்தேன்.
8. அமெரிக்க வாடிக்கையாளருக்காகத் தணிக்கையாளர் வந்தார். குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.
9. தாளிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன்.
10. எடுத்தார்கள்.

ஏழாவதைத் தவிர மற்றதையெல்லாம் என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் செய்திருப்பார்கள். ஏழாவதற்கு மட்டும் ஒரு பயிற்சி வேண்டும். அது எனக்கு இருந்தது.

நான் பொலிடெக்னிக்கில் வேதிப் பொறியியல் டிப்ளமா முடித்தவள். ஊர் சுங்காய். ஈப்போவில் புந்தோங்கில் ஓர் அறை எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் போய் வருகிறேன். ஆலை நிற்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். முதலில் மரத்தில் பால் வெட்டுவது நின்றது. பிறகு ஆலை வந்தது. அங்கே மரத்துப் பாலுக்குப் பதிலாக டேங்கர் லாரியில் வரும் செயற்கை ரப்பர் பாலில் பீங்கான் கைகளை முக்கிக் கையுறை எடுத்தார்கள். இப்போது அதுவும் பெரும்பாலும் நின்றுவிட்டது. மூன்று உற்பத்தி வரிசைகளில் ஒன்றுதான் ஓடுகிறது. மற்ற இரண்டிலும் ஆயிரக்கணக்கான வெள்ளைப் பீங்கான் கைகள் விரலைக் கீழே தொங்கவிட்டபடி நிற்கின்றன.

ஏன் நின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் கையுறைக்கு உலகமே அடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் சீனாவில் பெரிய பெரிய ஆலைகள் எழும்பின. நோய் அடங்கியது, ஆலைகள் அடங்கவில்லை. அவர்கள் விற்கும் விலைக்கு எங்களைப் போன்ற சின்ன ஆலையால் பால்கூட வாங்க முடியாது. பிறகு அமெரிக்கா சீனக் கையுறைக்கு வரியை ஏற்றியது. எங்கள் செய்தித்தாள்களில் அது மலேசியாவுக்கு நல்ல காலம் என்று வந்தது. பெரிய ஆலைகளுக்கு உண்மையிலேயே நல்ல காலம்தான். எங்கள் முதலாளிக்கு வேறொரு யோசனை வந்தது. இங்கே செய்ய வேண்டியதில்லை, இங்கே செய்ததாகச் சொன்னால் போதும்.

முதலாளியை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு எல்லாம் மேனேஜர்தான். அவர் தமிழர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே சோதனைத் தாளின் அடியிலிருந்த கோட்டைக் காட்டிச் சொன்னார்:

"இங்க யார் பேர் இருக்கோ, நாளைக்கு ஏதாச்சும் பிரச்சனைன்னா அவங்களத்தான் கூப்பிடுவாங்க. பாத்து போடு மா."

அப்போது அது பொறுப்பைச் சொல்லித்தரும் வார்த்தையாகப் பட்டது. நான் பார்த்துத்தான் போட்டேன். அந்த மாதங்களில் நாங்களே செய்த கையுறைகளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.

சோதனை எளிமையானது. கையுறையை ஒரு குழாயில் மாட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டு துளிர்த்தால் அது ஓட்டை. தண்ணீர் நிறைந்த கையுறை பார்க்கச் சகிக்காது. விரல்கள் வீங்கி, மணிக்கட்டு தடித்து, நீரில் நெடுநேரம் கிடந்த கை மாதிரி இருக்கும். ஒரே நேரத்தில் இருபது தொங்கும். பழகிவிடும் என்றார்கள். பழகியது. இப்போது திரும்ப அருவருப்பாக இருக்கிறது.

சீனக் கையுறை முதலில் வந்தபோது என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. மணிக்கட்டு விளிம்பில் சுருட்டல் மெல்லியது, சீரானது. எங்கள் சுருட்டல் அங்கங்கே தடிக்கும். எங்களுக்கு விரல் நுனியில் மட்டும் சொரசொரப்பு, இதற்கு விரல் முழுக்க. அன்று தொங்கவிட்டதில் ஒன்றுகூட ஒழுகவில்லை. எங்கள் கையுறையில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"சார், இது நம்ம கையுறை இல்ல."

"தெரியும்."

"தாள்ல ரெண்டாவது வரிசைன்னு போட்டிருக்கு. ரெண்டாவது வரிசை நின்னு எத்தன மாசமாச்சு?"

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? உன் வேலை ஒழுகுதா இல்லையான்னு பாக்கறது. சீனாக்காரன் செய்யறான், அமெரிக்காக்காரன் வாங்கறான். நடுவுல ரெண்டு பேருக்கும் சண்ட. அந்தச் சண்டையில நமக்கு ஒரு சந்து கெடச்சிருக்கு. அந்தச் சந்துலதான் பேக்கிங்ல இருக்கற இருபது பொம்பளைங்களும் நிக்கறாங்க. நீ தாள நிறுத்துனா அவங்கள நான்தான் வீட்டுக்கு அனுப்பணும். அனுப்பட்டுமா, சொல்லு லா."

நான் அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அந்த இருபது பெண்களுக்கும் தலைவி ஓர் அக்கா. புந்தோங்கில் என் அறையிலிருந்து மூன்று தெரு தள்ளி அவர் வீடு. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. மகள் தைப்பிங்கில் நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். அக்கா மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை நிறுத்தியவர் என்றாலும் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆலையில் முப்பது வருடம். முப்பது வருடமும் பதவி 'பொதுத் தொழிலாளி' தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்த வாரம் மட்டும் அக்கா யாரையும் திட்ட மாட்டார்.

எனக்கு அவர் வைத்த பெயர் கிராணி. தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்பார்கள். தாளும் பேனாவுமாக நான் பேக்கிங் பக்கம் போனால் போதும், "கிராணியம்மா வாராங்க, எல்லாரும் முதுக நிமுத்துங்க" என்று குரல் கொடுப்பார். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

பெட்டி கிழிக்கிற வேலையும் அங்கேதான் நடந்தது. சீனப் பெட்டி இளநீலம், ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பூ. அதை அறுத்துக் கையுறைகளைக் கொட்டி, எங்கள் பச்சைப் பெட்டியில் நூறு நூறாக அடுக்குவார்கள். அறுத்த நீலப் பெட்டிகளைப் பின்கட்டில் இருந்த அமுக்கு இயந்திரம் கட்டிகளாக்கும். மழை பெய்தால் அட்டை ஊறிப் புளித்த வாடை வரும். அந்த வாடையோடுதான் நாங்கள் மதியம் சாப்பிட்டோம்.

ஒரு வாரம் சீன ஆலையிலிருந்து தரப் பிரிவுப் பெண் ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் வருவதற்கு முன்னால் வரவேற்பு மேசையில் கொடி மாற்றச் சொன்னார் மேனேஜர். அந்த மேசைக்கு ஓர் இழுப்பறை உண்டு. அதில் சீனக் கொடியும் அமெரிக்கக் கொடியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மலேசியக் கொடி மேசையிலேயே நிற்கும். வருகிறவர் யார் என்று பார்த்துப் பக்கத்தில் எதை வைப்பது என்பது என் வேலைகளில் ஒன்று. ஊரில் தலைவர்கள் வந்து போகிற நாட்களில் சாலை விளக்குக் கம்பங்களில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் கட்டி நட்பு என்று எழுதிவைப்பார்களே, அதே வேலை. எங்களுடையது மேசை அளவு.

அந்தப் பெண் ஆய்வகத்தில் என் பக்கத்தில் நின்று, தொங்கிக்கொண்டிருந்த கையுறைகளைப் பார்த்தாள். கைப்பேசியில் சீனத்தில் பேசினாள். கைப்பேசி தமிழில், செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னது: "வணக்கம். இவை எங்களுடைய கையுறைகள். இவை மிகவும் நல்லவை."

"ஆமாம்" என்றேன். "எங்களுடையதைவிட நல்லவை."

கைப்பேசி அதை அவளிடம் சொன்னது. அவள் சிரிக்கவில்லை. மறுபடி பேசினாள்.

"நான் பின்பக்கம் சென்று பார்த்தேன். நீங்கள் பெட்டிகளைக் கிழிக்கிறீர்கள். அந்த நீலப் பெட்டியை வடிவமைத்தது நான். அந்தப் பூவை நான் வரைந்தேன்."

உங்கள் பெட்டியில் போனால் அமெரிக்கத் துறைமுகத்தில் வரி என்று பேசினேன். அவள் தலையாட்டினாள். "அது எனக்குத் தெரியும். மலேசிய மருத்துவமனைகளின் உபயோகத்திற்கு என்று எழுதிய ஏற்றுமதிப் படிவத்தில் நானும் கையெழுத்து இடுகிறேன்" என்றது கைப்பேசி. பிறகு அவளே கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டாள். இருவரும் இரண்டு நிமிடம் முடிவதற்காகக் காத்திருந்தோம். எதுவும் ஒழுகவில்லை.

அவள்மேல் எனக்கு எந்த வெறுப்பும் வரவில்லை. நல்ல பொருளைச் செய்துவிட்டு, அதன்மேலிருந்து தன் பெயரைத் தானே கிழித்து அனுப்ப வேண்டிய நிலை அவளுக்கு. எங்களுக்கோ, செய்யாத பொருளுக்கு நற்பெயர். வாங்குகிறவர்கள் மலேசியக் கையுறை என்று நம்பிக் கைகளில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மூன்றில் எங்களுடையதுதான் அசிங்கம் என்று எனக்குப் பட்டது. இன்னும் அப்படித்தான் படுகிறது.

தணிக்கை வருகிறது என்று தகவல் வந்தது அதற்கு அடுத்த மாதம். கடந்த ஓராண்டின் பேட்ச் பட்டியல் முழுவதையும் தயார் செய்யச் சொன்னார் மேனேஜர். பேட்ச் என்பது ஒரே நாளில் ஒரே வரிசையில் செய்த கையுறைத் தொகுதி. பெட்டிமேல் அச்சடிக்கும் எண்ணிலேயே அந்தத் தேதி இருக்கும். நான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, உற்பத்தி இருந்த நாளுக்குப் பச்சை, இல்லாத நாளுக்கு வெள்ளை என்று நிறம் கொடுத்தேன்.

உண்மையாக ஓடிய முதல் வரிசையின் படம் கந்தல் மாதிரி இருந்தது. மின்சாரம் போன நாள், பாய்லர் பரிசோதனைக்காக அணைத்த நாட்கள், பால் வராத நாள் என்று அங்கங்கே வெள்ளை. ஓடாத இரண்டாவது, மூன்றாவது வரிசைகளின் படம் அழகாக இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று நாள் பச்சை. இரண்டு நாள் வெள்ளை. மறுபடி பச்சை. ஆண்டு முழுவதும் அதே. முதலில் பராமரிப்பு நாட்களோ என்று நினைத்தேன். எங்கள் ஆலையில் பராமரிப்பு எப்போதும் புதன்கிழமை. இந்த வெள்ளை எந்தக் கிழமையிலும் நிற்காமல் மாதத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. பாய்லர் அணைந்திருந்த நாட்களில்கூட இந்த இரண்டு வரிசைகளும் சூடாக ஓடியிருந்தன.

பட்டியலை எடுத்துக்கொண்டு பேக்கிங் பக்கம் போனேன். அக்காவின் மேசைக்கு மேலே புந்தோங் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தமிழ் நாட்காட்டி தொங்கியது.

"அக்கா, இந்தத் தேதியெல்லாம் யார் போடறா?"

"நான்தான். மேனேஜர் 'தொளாயிரம் கோத்தாக், பெட்டிக்கெல்லாம் நீங்களே தேதி போட்டுக்குங்க'ன்னாரு. போடறேன். ஏன், தப்பா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு நாள் விட்டிருக்கீங்க."

அக்கா நாட்காட்டியை விரலால் தட்டினார். "அஷ்டமி, நவமி. அன்னிக்கு யாராச்சும் புதுசா ஒண்ண ஆரம்பிப்பாங்களா?"

"மெஷின் ஆரம்பிக்கும்க்கா. மெஷினுக்கு அஷ்டமி தெரியாது."

"மெஷின் எங்க ஓடுது? நான்தானே எழுதுறேன். என் கையால எழுதுறது நல்ல நாள்ல இருக்கட்டும்."

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாரேன், பொய் எழுதறதுக்கும் நல்ல நாள் பாக்குது நம்ம அக்கா!"

"ஏண்டி, பொய் எழுதறப்பதான் ரொம்ப பாக்கணும். உண்மைக்கு எந்த நாளா இருந்தா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை நான் இதைச் சொன்னபோது மேனேஜர் சிரிக்கவில்லை.

"ஐயோ, அந்த அம்மாகிட்ட போய் விட்டேன் பாரு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தெளிந்து, "அமெரிக்காக்காரனுக்குப் பஞ்சாங்கம் தெரியாதுலா" என்றார்.

"அமெரிக்காக்காரர் வரல சார். கோலாலம்பூர்லேர்ந்து வராங்க. அவங்க பக்கத்து வீட்டுல ஒரு தமிழ் ஆளு இருந்தா போதும்."

"இப்ப என்ன செய்யலாம்?"

இந்த இடத்தில் நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த வழிகளில் அதுதான் மிகவும் எளிது. நான் சொன்னது: "ரெண்டு நாள் கொடுங்க சார்."

இரண்டு நாள் வேண்டியிருக்கவில்லை. ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. உண்மையாக ஓடிய வரிசையில் கோளாறுகள் எப்படிச் சிதறி வருகின்றனவோ அதே சிதறலில் பொய் வரிசைகளுக்கும் நாட்களைப் பிரித்துக் கொடுக்கும்படி ஒரு விரிதாள் எழுதினேன். பாய்லர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அணைந்த நாட்களை நீக்கினேன். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் எல்லாவற்றையும் நீக்கினேன். ஒரு வரிசை ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியுமோ அதற்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தேன். அஷ்டமியிலும் நவமியிலும் உற்பத்தி செய்தேன். மாதத்துக்கு ஒரு பேட்ச் சோதனையில் தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் சேர்த்தேன், குறையே இல்லாத பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால். புதிய எண்களைப் பழைய தாள்களில் ஏற்றி, எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்து, ஒவ்வொன்றிலும் மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஏற்கெனவே கப்பலேறிய பெட்டிகளிலும் தாள்களிலும் பழைய எண்கள்தான், ஆனால் தணிக்கையாளர் பார்ப்பது ஆலையில் இருக்கும் நகல்களை மட்டும்தான். முடித்து நிமிர்ந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பொலிடெக்னிக்கில் என் இறுதியாண்டுத் திட்டத்தைவிட அது நன்றாக வந்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கூச்சம் இல்லை.

தணிக்கை நாளன்று இரண்டாவது வரிசையை ஓட்டிக் காட்டினார்கள். பழைய நேப்பாளத் தொழிலாளிகள் சிலரை ஒரு நாளைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். தொட்டியில் மிஞ்சிக் கிடந்த பாலைத் தண்ணீர் கலந்து ஓட்டினார்கள். அது கெட்டுப்போன பால். மேலே ஆடை கட்டி, உருண்டை உருண்டையாகத் திரண்டு, அழுகிய மீனும் அமோனியாவும் சேர்ந்த நாற்றம். பீங்கான் கைகள் அதில் முங்கி எழுந்து, தோலில் கொப்புளம் வந்த மாதிரி ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு போயின. மாலையில் எல்லாவற்றையும் உரித்துக் குப்பையில் கொட்டினார்கள்.

தணிக்கையாளர் மென்மையாகப் பேசும் மலாய்ப் பெண்மணி. மூக்கைக் கொஞ்சம் சுளித்தார். என் பட்டியலை வரிவரியாகப் பார்த்தார். மலாயில், பதிவுகள் மிகவும் ஒழுங்காக இருக்கின்றன, இந்த அளவிலான ஆலையில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். இரண்டாவது வரிசையின் மின்கட்டண விவரம் கேட்பார் என்று காத்திருந்தேன். பால் வாங்கிய ரசீது கேட்பார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் அந்த இரண்டைத்தான் முதலில் கேட்டிருப்பேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தயாராக இல்லை. கேட்கட்டும் என்றும் இருந்தது. அவர் மணியைப் பார்த்தார். அடுத்து புசிங் பக்கம் இன்னோர் ஆலைக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் போனதும் மேனேஜர் ஒரு பெரிய பை நிறையப் புந்தோங் கச்சாங் பூத்தே, கடலையும் முறுக்கும் கலந்த நொறுக்குத் தீனி, வாங்கி வந்து பேக்கிங் மேசையில் கொட்டினார். எல்லாரும் அள்ளினார்கள். "இந்தப் புள்ள மூளைய எங்க வச்சிருக்குன்னு தெரியல. இன்னிக்கு நாம தப்பிச்சது இதாலதான்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அக்கா ஒரு பிடி முறுக்கை என் கையில் திணித்தார். "சாப்பிடு கிராணி. எங்க வேலைய காப்பாத்திட்டே." அவர் உள்ளங்கையில் அட்டைத் தூள் ஒட்டியிருந்தது. முறுக்கில் கெட்ட பாலின் வாடை வந்தது. உண்மையில் அது என் சட்டையிலிருந்து வந்திருக்கலாம். கழிவறைக்குப் போய் முறுக்கைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், சீனக் கையுறைத் தாள்ல இனிமே என் பேர் வேணாம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கான பதில்களை வரிசையாக எழுதிக்கொண்டும் போயிருந்தேன். அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"பயமா?"

"பிடிக்கல சார்."

"சரி, எடுத்துடலாம். பேர்தானே? உனக்கு வேற வேலை தரேன். வர்ற ரசாயனத்தப் பாரு. சம்பளம் அதே."

அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போன தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தச் சனி ஞாயிறு சுங்காயில் அம்மாவோடு இருந்தேன். நன்றாகத் தூங்கினேன். சரியானதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். புதிய வெள்ளை மேலங்கி, மடிப்புக்கூடக் கலையவில்லை. சட்டைப் பையில் அடையாள அட்டை. பெயருக்குக் கீழே தரப் பொறுப்பாளர் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எதிரே சோதனைத் தாள்கள். எல்லாவற்றிலும் எண்களை அலுவலகத்திலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். என் விரிதாளிலிருந்து எடுத்தவை. அடியிலிருந்த கோட்டில் அக்கா அச்சு மாதிரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தொங்கவிடும் குழாய்கள் காய்ந்து கிடந்தன.

"என்னா கிராணி, அப்படிப் பாக்குறே? கோவமா? நீ வேணான்னு விட்டதத்தான் நான் எடுத்துக்கிட்டேன்."

"அக்கா, தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"பாத்து என்னா? சீனாக்காரன் சாமான் ஒழுகாதுன்னு நீதானே சொன்னே."

கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முடிந்தவரை தெளிவாகச் சொன்னேன். இந்தத் தாள்கள் கையுறையோடு அமெரிக்காவுக்குப் போகின்றன. அங்கே சுங்கத்துறைக்குச் சந்தேகம் வந்தால் இங்கே கேட்பார்கள். முதலாளி எனக்குத் தெரியாது என்பார். மேனேஜர் பொறுப்பாளரைக் கேளுங்கள் என்பார். பொறுப்பாளர் நீங்கள்.

அக்கா பேனாவை மூடினார்.

"இதெல்லாம் தெரிஞ்சுதான் நீ விட்டுட்டுப் போனியா?"

நான் மேசையிலிருந்த தாள்களைச் சீராக அடுக்கினேன்.

"உனக்குப் படிப்பு இருக்கு. இங்க இல்லன்னா இன்னொரு எடம். எனக்கு இந்த அட்ட முப்பது வருசத்துக்கு அப்புறம் வந்திருக்கு. இனிமே ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒப்பந்தத்துக்கு நிக்க வேணாம், நிரந்தரம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நேத்து மகளுக்குப் படம் எடுத்து அனுப்புனேன். 'அம்மா ஆபீசரா'ன்னு கேட்டுச்சு. இப்ப நீ வந்து மாட்டிக்குவீங்க மாட்டிக்குவீங்கன்னு சொல்றே. சொல்றவ, அன்னிக்குப் பட்டியல மாத்திக் கொடுக்காம இருந்திருக்கணும்."

"ஆமாக்கா."

"போ. உன் ரசாயனத்தப் பாரு போ."

நான் எழுந்து போனேன். அதன் பிறகு அவர் என்னைக் கிராணி என்று கூப்பிடுவதில்லை. மிஸ் என்கிறார்.

நான் செய்திருக்க வேண்டியதைப் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசையிலும் பெயரை எடுக்கச் சொன்ன இடத்தில்தான் முட்டுகிறது. பெயரை எடுப்பது என்றால் அந்த இடம் காலியாகும் என்று நினைத்தேன். காலியான இடத்தை யாரை வைத்து நிரப்புவார்கள் என்று அரை நிமிடம் யோசித்திருந்தாலும் தெரிந்திருக்கும். பாய்லர் அணைந்த நாட்களையெல்லாம் யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை. என் கை சுத்தமானால் போதும் என்று இருந்தது. சீனப் பொருளைத் தன் பெயரில் விற்கிற முதலாளிக்கும், தன் பெயரை இன்னொருத்தியிடம் தள்ளிவிட்ட எனக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக இப்போது எனக்குத் தெரியவில்லை.

வர்த்தக அமைச்சுக்கு ஒரு புகார் மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். அக்காவின் தாள்கள் எதையும் இணைக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டவற்றை மட்டும் இணைத்திருக்கிறேன். அஷ்டமியை விட்டெழுதிய பழைய பட்டியலும் நான் மாற்றிய புதிய பட்டியலும் அருகருகே இருக்கின்றன. அதை அனுப்பினால் முதலில் கூப்பிடப்படுவது நான். ஆனால் விசாரிக்க வருகிறவர்கள் என் தாளோடு நிற்க மாட்டார்கள், இன்றைய தாளையும் எடுப்பார்கள். அக்காவுக்காகத்தான் அனுப்பாமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது எவ்வளவு உண்மை என்று சோதிக்க எனக்கு வழியில்லை.

இன்றைய நிலை இது. வாரத்துக்கு இரண்டு கொள்கலன்கள் வருகின்றன. ரசாயனப் பிரிவில் எனக்குச் சோதிக்க அதிகம் இல்லை. அக்கா கையெழுத்துப் போடுகிறார். மனு என் கணினியில் இருக்கிறது. அனுப்பவில்லை.